வராத கடிதம்

"தாத்தா, உங்க காலத்துல கட் ஆஃப் எவ்வளவு?"

போன வாரம் பேத்தி தொலைபேசியில் கேட்டாள். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிட்டுத் தரவரிசைப் பட்டியலுக்காகக் காத்திருக்கிறாள். தன்னுடைய கட் ஆஃப் இருநூறுக்கு எவ்வளவு, ரேண்டம் எண் என்ன, போன வருடம் இதே மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது, எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறாள். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிவரை தூங்குவதில்லையாம். என் மகள் புலம்புகிறாள்.

நான் பேத்தியிடம், "எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. அப்பவே தெரியாது."

அவளுக்கு அது புரியவில்லை. ஒரு சீட்டுக்கு விண்ணப்பித்தவனுக்குத் தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எப்படித் தெரியாமல் போகும்? அவள் கேட்டது நியாயம்தான். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுக்குத் தொலைபேசியில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

1970. நான் பி.யூ.சி. முடித்திருந்தேன். பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்து, கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. படிப்பது அன்றைய முறை. பிளஸ் டூ வந்தது 1978இல். விருப்பப் பாடங்களில் எனக்கு எழுபத்தெட்டு சதவீதம். இன்றைக்கு அதைச் சொன்னால் பிள்ளைகள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். ரிசல்ட் வந்த அன்று எதுவும் சொல்லாமல், கடைக்குப் போய் அரைக் கிலோ மைசூர் பாகு வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தார். வீட்டில் முதல் டாக்டர் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முறையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சென்னை நகரத்து மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து ஓர் அலகு. வெளியூர்க் கல்லூரி ஒவ்வொன்றும் தனித்தனி அலகு. ஆக மொத்தம் ஆறு அலகுகள். ஒருவர் ஓர் அலகுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். ஒவ்வோர் அலகுக்கும் தனித் தேர்வுக் குழு. ஆகவே மாநிலம் முழுமைக்கும் ஒரே பட்டியல் என்பது கிடையாது. ஓரிடத்தில் சீட்டு கிடைக்காத மதிப்பெண்ணுக்கு இன்னோரிடத்தில் கிடைத்துவிடும். பிற்படுத்தப்பட்டோருக்கு 25 சதவீதம், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 16 சதவீதம் ஒதுக்கீடு. மற்ற இடங்கள் பொது.

இதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது. மொத்த மதிப்பெண் 275. அதில் 75 நேர்முகத் தேர்வுக்கு. அந்த எழுபத்தைந்தைப் பற்றி அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. 'இன்டர்வியூ உண்டு' என்பது மட்டும்தான் தெரியும்.

இன்டர்வியூ கார்டு வந்த அன்று சாயங்காலம் சித்தப்பா சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவருக்கு ஊர் விவகாரம் எல்லாம் தெரியும். திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரைப் போய்ப் பார்க்கலாம் என்றார். அவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம். காசு பணம் எதுவும் வேண்டாம், ஒரு தட்டில் பழம் வைத்துக்கொண்டு போனால் சரி.

அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "மார்க்கு அவன் வாங்கினது. மிச்சத்தை நான் போய் வாங்கிட்டு வந்தா, நாளைக்கு இவன் கையை நீட்டுற நோயாளிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"எல்லாரும் பண்றதுதாண்ணே."

"பண்ணட்டும்ப்பா."

அதோடு பேச்சு முடிந்தது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்று அப்பாவைப் பற்றிப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

நேர்முகத் தேர்வுக்கு மாமாவின் ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு விரல் அளவு பெரிது. முனையில் பேப்பரைத் திணித்திருந்தோம். வராந்தாவில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தது மூன்று நிமிடம் இருக்கலாம். அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், என்.சி.சி.யில் இருந்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஏன் டாக்டராக வேண்டும் என்று ஒருவர் கேட்டார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப் பாதி சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு காத்திருப்பு.

தேர்வானவர்களுக்குத் தபாலில் கடிதம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். தேர்வாகாதவர்களுக்கு எதுவும் வராது. இதில் இருக்கும் கொடுமையைக் கவனியுங்கள். வரும் கடிதத்துக்கு ஒரு நாள் உண்டு. வராத கடிதத்துக்கு எந்த நாள்வரை காத்திருப்பது? எங்கள் தெருவுக்குத் தபால்காரர் பதினொன்றரைக்கு வருவார். நான் பதினொரு மணிக்கே ரயில்வே கேட் பக்கம் போய் நின்றுவிடுவேன். முதல் வாரம் அவர் தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு கையை விரிப்பார். இரண்டாவது வாரம் சிரிப்பு போய்த் தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாவது வாரம் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, இனி வராது என்று. எந்த அலுவலகமும் எனக்குச் சொல்லவில்லை. தபால்காரரின் முகம்தான் சொல்லியது.

என்னோடு படித்த நண்பன் ஒருவனுக்குக் கடிதம் வந்தது. என்னைவிட ஒன்பது மதிப்பெண் குறைவு. ஒரே அலகு, ஒரே பிரிவு. அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அப்பாவிடம் சொன்னேன்: "நீங்க ஒரு தட்டு பழம் கொண்டு போயிருந்தா நானும் போயிருப்பேன்." அப்பா பதில் சொல்லவில்லை. தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் பி.எஸ்சி.யில் சேர்ந்தேன். பிறகு சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி நீதித்துறையில் இளநிலை உதவியாளன் ஆனேன். 1979இல் அப்பா காலமானார். கடைசி மாதங்களில் அவருக்கு வைத்தியம் பார்த்தது யார் தெரியுமா? அந்த ஒன்பது மதிப்பெண் குறைந்த நண்பன்தான். அருமையான டாக்டர். இரவு பன்னிரண்டு மணிக்கும் வருவான், பணம் வாங்க மாட்டான். 'உனக்கு எப்படிக் கிடைத்தது' என்று நான் அவனைக் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. சிபாரிசு இல்லாமலே கூட அவனுக்குக் கிடைத்திருக்கலாம். என்.சி.சி.யில் இருந்தவன், நன்றாகப் பேசுவான். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

1983 என்று நினைக்கிறேன். நான் வேலை பார்த்த நீதிமன்றத்தின் நூலகம் அப்போது என் பொறுப்பில் இருந்தது. ஒரு வக்கீல் வந்து ஏ.ஐ.ஆர். 1981 தொகுதியைக் கேட்டார். கல்லூரிச் சேர்க்கை பற்றிய வழக்காம். அவர் குறிப்பெடுத்துவிட்டுப் போன பிறகு, திறந்து கிடந்த பக்கத்தைச் சும்மா படித்தேன். அஜய் ஹாஸியா வழக்கு. ஸ்ரீநகரில் இருந்த மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு நூறு, நேர்முகத்துக்கு ஐம்பது மதிப்பெண். ஒவ்வொரு மாணவனுக்கும் இரண்டு மூன்று நிமிடம்தான் கொடுத்தார்கள், அப்பா யார், எந்த ஊர் என்றுதான் கேட்டார்கள் என்பது மாணவர்களின் புகார். மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்முகத்துக்கு வைப்பது தன்னிச்சையானது, 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நேர்முகத்தை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தால் நல்லது என்றும் யோசனை சொல்லியிருந்தது.

அப்பா யார், எந்த ஊர். எனக்கு மாமாவின் ஷூ ஞாபகம் வந்தது.

அந்தத் தீர்ப்புக்குள் இன்னொரு வழக்கின் பெயர் இருந்தது: பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு. ஏணி போட்டு ஏறி 1971 தொகுதியை எடுத்தேன். தீர்ப்புத் தேதி 1970 செப்டம்பர் 23. நின்றபடியே படித்தேன். எந்தத் தேர்வுக்காக நான் ரயில்வே கேட்டில் நின்றேனோ, அதே வருடம், அதே தேர்வு. எனக்குக் கிடைக்காமல் போனது போல வேறு சிலருக்கும் கிடைக்காமல் போய், அவர்கள் டில்லிவரை போயிருக்கிறார்கள். நான் பி.எஸ்சி. முதலாம் ஆண்டில் வேதியியல் ஆய்வகத்தில் உப்பு ஆராய்ந்துகொண்டிருந்த நாளில் தீர்ப்பு வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வழக்குப் போடலாம் என்கிற எண்ணமே எங்கள் தெருவில் யாருக்கும் வந்திருக்காது.

நீதிபதி ஹெக்டே எழுதிய தீர்ப்பு அது. அலகு வாரியாகத் தேர்வு செய்தது செல்லாது என்றது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1968இல், ராஜேந்திரன் வழக்கில் மாவட்ட வாரியாக மருத்துவ இடங்களைப் பிரித்ததை அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த அலகு முறை. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பட்டியலை அவ்வப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னது. நேர்முகத்தைப் பற்றிச் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. 275இல் 75 அதிகமாகத் தெரிகிறது என்றது. விளையாட்டு அல்லது என்.சி.சி., சிறப்புச் சேவை, உடல் தகுதி, பொதுத் திறன், நாட்டம் என்று ஐந்து தலைப்புகள் விதியில் இருந்தன. தலைப்புவாரியாக மதிப்பெண் போடாமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டிருந்தார்கள். அது தவறு என்றது நீதிமன்றம்.

மொத்தமாக ஓர் எண். இதைப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு மாணவனுக்கு ஏன் அந்த எண் என்று, அதைப் போட்டவர்களின் தாளை வாங்கிப் பார்த்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. காரணம் அதில் எழுதப்படவே இல்லை. பதின்மூன்று வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த பதில், எங்கோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை.

அது தெரியாமல்தான் அந்தப் பழியை அப்பா மேல் போட்டு வைத்திருந்தேன். ஒரு தட்டு பழம் போயிருந்தால் அது அந்த மொத்த எண்ணுக்குள்தான் போயிருக்கும். எவ்வளவு கூட்டியிருக்கும், கூட்டியிருக்குமா என்பதுகூடத் தெரியாது. இதைச் சொல்ல அப்பா இல்லை. தொகுதியைத் திரும்ப வைத்துவிட்டு, அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்தே போனேன்.

அதற்குப் பிறகு எனக்கு இந்தச் சேர்க்கை வரலாற்றில் ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. கையில்தான் நூலகம் இருக்கிறதே! பின்னோக்கிப் படித்தேன். சென்னை மாகாணத்தில் 1920களில் வந்த கம்யூனல் ஜி.ஓ., வகுப்புவாரியாக இடம் ஒதுக்கியது. சுதந்திர காலத்தில் பதினான்கு இடம் என்றால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று கணக்கு. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்த வழக்கில் ஒரு விசித்திரம், செண்பகம் அம்மையார் விண்ணப்பமே போடவில்லை. விசாரித்தேன், கிடைக்காது என்று தெரிந்தது என்பதுதான் அவர் சொன்னது. கூடவே பொறியியல் கல்லூரிக்காக வழக்குத் தொடுத்தவர் சீனிவாசன். தமிழ்நாட்டில் பெரிய கிளர்ச்சி எழுந்தது. இரண்டே மாதத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 15(4) என்ற பிரிவு பிறந்தது அப்படித்தான். இன்றுள்ள ஒதுக்கீட்டுக்கு அஸ்திவாரம் அது.

அந்தத் தீர்ப்பில் இருக்கும் ஒரு கணக்கை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மாகாணம் முழுக்க அரசு மருத்துவக் கல்லூரி நான்கு, இடங்கள் 330. பொறியியல் கல்லூரி நான்கு, இடங்கள் 395. அன்றைய சென்னை மாகாணத்தில் ஆந்திரமும் மலபாரும் சேர்த்தி! சண்டை ஏன் அவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

எங்கள் வீட்டில் அடுத்துக் காத்திருந்தது என் மகள், 2000இல். அதற்குள் எல்லாம் மாறியிருந்தது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் நுழைவுத் தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும் அப்போதுதான் தொடங்கின. தொண்ணூறுகளில் ஒற்றைச் சாளர முறை. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300க்கு ஒரு தரவரிசை. கடிதத்தில் தேதி, நேரம் எல்லாம் அச்சிட்டு வந்தது. டிராப்ட் எடுத்துக்கொண்டு, எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனோம்.

பெரிய கூடத்தில் திரைகள். எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த ஒதுக்கீட்டில் எத்தனை இடம் மீதம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. மகள் ஆசைப்பட்ட இடத்தில் இரண்டு என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று ஆனது. அடுத்த கால் மணியில் சைபர். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துப் பத்து நிமிடம் அழுதாள். பிறகு நிமிர்ந்து, "சரிப்பா, எனக்கு முன்னாடி இருக்கறவங்க எடுத்துட்டாங்க. அடுத்தது பாக்கலாம்" என்றாள். எலுமிச்சை சாதம் முழுவதையும் சாப்பிட்டாள்.

நான்தான் சாப்பிடவில்லை. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு முப்பது வருடம் எடுத்தது இவளுக்குப் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டதே என்று தோன்றியது. அவளுக்கும் ஆசைப்பட்டது கிடைக்கவில்லை. ஆனால் ஏன் என்று தெரிந்தது. அதனால் யார் மேலும் கோபப்பட வேண்டியிருக்கவில்லை, பெற்ற அப்பன் மேல்கூட.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி முடிக்க ஆசைதான். முடியவில்லை. நுழைவுத் தேர்வு, பயிற்சி வகுப்புக்குப் போக முடிந்த நகரத்துப் பிள்ளைகளுக்குச் சாதகம் என்று சொல்லி 2007இல் தமிழ்நாட்டில் அது ஒழிந்தது. பிறகு மருத்துவத்துக்கு 2017 முதல் நீட். பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதா, நீட்டில் 720க்கு 86 எடுத்தார். உச்ச நீதிமன்றம்வரை போனார். அந்த செப்டம்பரில் உயிரை விட்டார். அவருக்குக் காரணம் தெரியாமல் இல்லை. எண்கள் எல்லாம் வெளிப்படையாகத்தான் இருந்தன. எண் வெளிப்படையாக இருந்தால் போதாது, எதை அளந்து அந்த எண்ணைப் போட்டார்கள் என்பதும் நியாயமாக இருக்க வேண்டும். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது கொஞ்சம் ஆறுதல். கேள்வி தீர்ந்துவிடவில்லை.

பேத்திக்கு நான் சொன்னது இவ்வளவும் இல்லை. ரயில்வே கேட், தபால்காரர், மாமாவின் ஷூ, இவ்வளவுதான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ கொள்ளுத்தாத்தா சொன்னது சரியா தப்பா தாத்தா?" என்றாள்.

"சரிதான்" என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நேற்று மாலை தரவரிசைப் பட்டியல் வந்துவிட்டது. அவள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் பின்னால். கேட்ட கல்லூரி கிடைக்காது போலிருக்கிறது, இரண்டாவதோ மூன்றாவதோ கிடைக்கும். இரவு ஒன்பதரைக்கே தூங்கிவிட்டாளாம்.